ஆய்வேடுகள் குவிகின்றன; படிப்பவர் எத்தனை பேர்? பல்கலைக்கழக டிஜிட்டல் களஞ்சியங்களின் முழுப்பயன் எங்கே தடைபடுகிறது?

புதுடெல்லி: இந்திய உயர்கல்வி நிறுவனங்களில் முனைவர் பட்ட ஆய்வில் ஈடுபட்டிருந்தோரின் எண்ணிக்கை 2014-15-ஆம் கல்வியாண்டில் 1.17 இலட்சம். 2021-22-இல் அது 2.12 இலட்சமாக உயர்ந்துள்ளதாக உயர்கல்வி குறித்த அகில இந்திய ஆய்வறிக்கை தெரிவிக்கிறது. ஏழு ஆண்டுகளில் 81 விழுக்காடு வளர்ச்சி. இந்த ஆய்வுகளில் நிறைவு பெறும் ஒவ்வொன்றும் ஓர் ஆய்வேடாக முடிகிறது. அந்த ஆய்வேடு காந்திநகரில் உள்ள இன்ஃப்ளிப்நெட் மையத்தின் 'ஷோத்கங்கா' களஞ்சியத்தில் பதிவேற்றப்பட வேண்டும் என்பது விதி. அங்கே இன்று ஐந்து இலட்சத்திற்கும் மேற்பட்ட ஆய்வேடுகள் உள்ளன. எவரும் கட்டணமின்றிப் படிக்கலாம்.

இந்த எண்ணிக்கை பெருமைக்குரியதே. ஆனால் களஞ்சியங்களைப் பற்றிய அரசு அறிவிப்புகளும் பல்கலைக்கழகங்களின் ஆண்டறிக்கைகளும் பெரும்பாலும் இந்த எண்ணிக்கையோடு நின்றுவிடுகின்றன. பதிவேற்றிய ஆய்வேட்டைத் தேடிக் கண்டடைய முடிகிறதா, கண்டடைந்தவர் அதைப் படிக்க முடிகிறதா, படித்தவர் அதைத் தம் ஆய்வில் முறையாகப் பயன்படுத்த முடிகிறதா என்ற மூன்று கேள்விகளும் அரிதாகவே எழுப்பப்படுகின்றன. களஞ்சியத்தின் மதிப்பு இந்த மூன்றிலும்தான் இருக்கிறது.

இக்கேள்விகளை இப்போது எழுப்புவதற்குக் காரணம் உண்டு. வெளிநாட்டுப் பதிப்பகங்களின் ஆய்விதழ்களை நாடு முழுவதும் உள்ள அரசுக் கல்வி நிறுவனங்களுக்கு வழங்கும் 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்திற்கு மத்திய அமைச்சரவை 2024 நவம்பர் 25 அன்று ஒப்புதல் அளித்தது. 2025, 2026, 2027 ஆகிய மூன்று ஆண்டுகளுக்கு ஒதுக்கப்பட்ட தொகை 6,000 கோடி ரூபாய். 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 மின்னிதழ்களை, 6,300-க்கும் மேற்பட்ட நிறுவனங்களைச் சேர்ந்த சுமார் 1.8 கோடிப் பேர் படிக்கலாம். இத்திட்டத்தைச் செயல்படுத்தும் பொறுப்பும் இன்ஃப்ளிப்நெட்டிடமே உள்ளது. பிறர் வெளியிட்டதைப் படிப்பதற்கு இவ்வளவு பெரிய தொகையைச் செலவிடும் நாடு, தன் பொதுப்பணத்தில் விளைந்த ஆய்வுகளைப் பிறர் படிக்கும் நிலையில் வைத்திருக்கிறதா என்பது நியாயமான கேள்வி.

விதிகள் வந்த வழி

ஆய்வேடுகளை மின்வடிவில் சேகரிக்கும் எண்ணம் இந்தியாவுக்குப் புதிதல்ல. மைசூர் பல்கலைக்கழகத்தில் 2000-ஆம் ஆண்டு தொடங்கிய 'வித்யாநிதி' திட்டம் இத்துறையின் முன்னோடி. பெங்களூரு இந்திய அறிவியல் கழகம் தன் ஆசிரியர்களின் ஆய்வுக் கட்டுரைகளுக்கான களஞ்சியத்தை 2002-இல் தொடங்கியது. ஆய்விதழ்களைக் கட்டணமின்றித் திறந்துவிடக் கோரும் புடாபெஸ்ட் அறிக்கை வெளியானதும், எம்ஐடி நிறுவனமும் ஹியூலெட் பேக்கார்டு நிறுவனமும் இணைந்து 'டிஸ்பேஸ்' என்ற கட்டற்ற மென்பொருளை வெளியிட்டதும் அதே ஆண்டில்தான். ஷோத்கங்கா உட்பட இந்தியாவின் பல களஞ்சியங்கள் இன்றும் டிஸ்பேஸ் மென்பொருளிலேயே இயங்குகின்றன. ஒடிசாவில் உள்ள ரூர்கேலா தேசியத் தொழில்நுட்பக் கழகம் 2006-இல் ஒருபடி மேலே சென்று, ஆசிரியர்கள் தம் கட்டுரைகளைக் களஞ்சியத்தில் சேர்ப்பதைக் கட்டாயமாக்கியது.

நாடு தழுவிய விதி 2009-இல் வந்தது. பல்கலைக்கழக மானியக் குழுவின் அவ்வாண்டு ஒழுங்குமுறை, பட்டம் அறிவிக்கப்பட்ட 30 நாட்களுக்குள் ஆய்வேட்டின் மின்பிரதியை ஒப்படைக்கச் சொன்னது. பின்னர் வந்த ஒழுங்குமுறைகள், பட்டம் வழங்குவதற்கு முன்பே மின்பிரதி இன்ஃப்ளிப்நெட்டைச் சென்றடைய வேண்டும் என்று இறுக்கின.

அதிகம் பேசப்படாத விதி ஒன்றும் உண்டு. கருத்துத் திருட்டைத் தடுக்க 2018-இல் கொண்டுவரப்பட்ட ஒழுங்குமுறை, ஒவ்வோர் உயர்கல்வி நிறுவனமும் தன் இணையதளத்தில் சொந்தக் களஞ்சியம் அமைத்து, ஆய்வேடுகள், கட்டுரைகள், நிறுவன வெளியீடுகள் அனைத்தையும் அதில் வைக்க வேண்டும் என்கிறது. ஆய்வேட்டை ஷோத்கங்காவுக்கு அனுப்பிவிட்டால் கடமை முடிந்தது என்று கருதும் பல்கலைக்கழகங்கள் இந்தப் பிரிவை மறந்துவிட்டன என்றே சொல்ல வேண்டும்.

2022 நவம்பரில் வந்த ஒழுங்குமுறை இன்னொரு மாற்றத்தைச் செய்தது. ஆய்வேட்டை ஒப்படைப்பதற்கு முன் ஆய்விதழில் ஒரு கட்டுரையாவது வெளியிட்டிருக்க வேண்டும் என்ற 2016-ஆம் ஆண்டின் கட்டாயம் அதில் நீக்கப்பட்டது. தரமற்ற இதழ்களுக்குப் பணம் கட்டி வெளியிடும் வழக்கத்தைக் கட்டுப்படுத்த அது உதவும் என்று வரவேற்றவர்கள் உண்டு. அதன் மற்றொரு விளைவைப் பலரும் கவனிக்கவில்லை. கட்டுரை கட்டாயமில்லை என்றானபின், பல ஆய்வாளர்களின் பல ஆண்டு உழைப்புக்குப் பொதுவெளியில் இருக்கும் ஒரே சான்று களஞ்சியத்தில் உள்ள ஆய்வேடாகவே இருக்கும். அது தேடலில் அகப்படவில்லை என்றால், அந்த ஆய்வு நடந்ததே உலகுக்குத் தெரியாது.

பதிவேற்றம் என்னும் சடங்கு

களத்தில் நடப்பது பெரும்பாலும் இவ்வாறு இருக்கிறது. வாய்மொழித் தேர்வு முடிந்து பட்டச் சான்றிதழுக்காக விரையும் ஆய்வாளர், கடைசி வாரத்தில் ஒரு பென்டிரைவை நூலகத்தில் கொடுக்கிறார். அத்தியாயங்கள் தனித்தனி பிடிஎஃப் கோப்புகளாக வெட்டப்படுகின்றன. தலைப்பு, ஆய்வாளர் பெயர், நெறியாளர் பெயர், துறை, திறவுச்சொற்கள் ஆகியவற்றை ஒரு படிவத்தில் யாரோ ஒருவர் தட்டச்சு செய்கிறார். அது ஆய்வாளராக இருக்கலாம், தற்காலிகப் பணியாளராகவும் இருக்கலாம். பதிவேற்றச் சான்று கிடைத்ததும் கோப்பு மூடப்படுகிறது.

அந்தப் படிவம்தான் ஆய்வேட்டின் எதிர்காலத்தைத் தீர்மானிக்கிறது. தேடுபொறிகள் முதலில் படிப்பது அத்தியாயங்களை அல்ல, படிவத்தில் நிரப்பப்பட்ட விவரக் குறிப்புகளைத்தான். திறவுச்சொல் இருக்க வேண்டிய இடத்தில் 'சமூக அறிவியல்' என்றோ 'வேதியியல்' என்றோ துறைப்பெயரை மட்டும் நிரப்பினால், ஒரு மாவட்டத்தின் கிணற்று நீரில் ஃப்ளூரைடு கலந்திருப்பதை ஆராய்ந்த ஏடு அந்த மாவட்டத்தின் பெயரைத் தேடுவோருக்குக் கிடைக்காமல் போகும். சுருக்கவுரை இல்லாத ஆய்வேட்டைத் திறந்து பார்க்கலாமா வேண்டாமா என்று வாசகரால் முடிவு செய்ய இயலாது. தலைப்பில் ஓர் எழுத்துப் பிழை இருந்தால் போதும், அந்தச் சொல்லைத் தேடும் எவருக்கும் அந்த ஏடு அகப்படாது.

கோப்பின் தன்மையும் முக்கியம். அச்சிட்ட தாளை ஸ்கேன் செய்து பதிவேற்றிய ஆய்வேடு கணினியைப் பொறுத்தவரை வெறும் படம். அதற்குள் இருக்கும் ஒரு சொல்லைக்கூடத் தேடுபொறி அறியாது. எழுத்துணரி மென்பொருள் கொண்டு அதைத் தேடத்தக்க கோப்பாக மாற்றிய பிறகே பதிவேற்ற வேண்டும். ஆய்வு நூல்களைத் தேட உலகெங்கும் பயன்படும் கூகுள் ஸ்காலர், 5 எம்பி அளவுக்கு மிகாத, எழுத்துகளைத் தேட இயலும் கோப்புகளையே தன் வழிகாட்டுதலில் கேட்கிறது. நூற்றுக்கணக்கான பக்கங்களைப் படங்களாகக் கொண்ட கோப்புகள் இந்த இரு நிபந்தனைகளிலும் தவறுகின்றன. ஆய்வாளரிடம் மூலக் கோப்பு கணினியில் இருக்கும்போது, அதை அச்சிட்டு, மீண்டும் ஸ்கேன் செய்து ஒப்படைப்பது வியப்பளிக்கும் வழக்கம். கையொப்பமிட்ட சான்றிதழ்ப் பக்கத்துக்கு மட்டும் ஸ்கேன் போதும்.

எழுத்துருச் சிக்கல்

இந்திய மொழிகளில் எழுதப்பட்ட ஆய்வேடுகளுக்கு இன்னொரு தடை உண்டு. தமிழ் ஆய்வேடுகள் அதற்குத் தெளிவான சான்று. ஒருங்குறி பரவலாவதற்கு முன்பும், பரவிய பின் பல ஆண்டுகளும், தமிழ் ஆய்வேடுகள் பாமினி, டாப், டாம் போன்ற பழைய குறியீட்டு எழுத்துருக்களிலேயே தட்டச்சு செய்யப்பட்டன. தமிழ்நாடு அரசு 2010-இல் ஒருங்குறியை அதிகாரப்பூர்வத் தரமாக அறிவித்த பின்னரும், பல்கலைக்கழகங்களைச் சுற்றியுள்ள தட்டச்சு நிலையங்களில் பழைய எழுத்துருக்கள் உடனே விடைபெறவில்லை.

இத்தகைய கோப்பைத் திறந்தால் திரையில் தமிழ் அழகாகத்தான் தெரியும். அதிலிருந்து ஒரு வரியை நகலெடுத்து வேறிடத்தில் ஒட்டிப் பார்த்தால் உண்மை வெளிப்படும். பொருளற்ற ஆங்கில எழுத்துகளும் குறிகளும் வரிசைகட்டி நிற்கும். கணினிக்கு அந்த ஆய்வேடு தமிழே அல்ல. ஆகவே, கல்வெட்டுகளையோ வட்டார வழக்கையோ நாட்டார் வழிபாட்டையோ ஆராய்ந்த ஏட்டுக்குள் ஓர் ஊர்ப்பெயரைத் தேடினால் விடை கிடைக்காது. தலைப்பு ஒருங்குறியில் இருந்தால் அது மட்டும் கிடைக்கும்.

இதில் கவலைக்குரிய மறுபக்கமும் இருக்கிறது. தேட முடியாத உரையை ஒப்பிட்டுப் பார்க்கவும் முடியாது. கருத்துத் திருட்டைக் கண்டறியும் மென்பொருளைப் பல்கலைக்கழகங்களுக்கு வழங்கும் 'ஷோத்சுத்தி' திட்டம் 2019-இல் தொடங்கியது. 2018-ஆம் ஆண்டு ஒழுங்குமுறைப்படி 10 விழுக்காடு வரையிலான ஒற்றுமைக்குத் தண்டனை இல்லை. 60 விழுக்காட்டைத் தாண்டினால் ஆய்வாளரின் பதிவே இரத்தாகும். பழைய எழுத்துருவில் உள்ள ஆய்வேட்டிலிருந்து பக்கம் பக்கமாக எடுத்து ஒருங்குறியில் தட்டச்சு செய்து ஒப்படைத்தால், ஒப்பிட மூல உரை இல்லாததால் மென்பொருள் ஒற்றுமையைக் காட்டாது. அசல் ஆய்வாளர் இருமுறை இழக்கிறார். அவர் ஏட்டை எவரும் காண்பதில்லை. எடுத்தாண்டவரையும் எவரும் பிடிப்பதில்லை.

தீர்வு கடினமானதன்று. பழைய எழுத்துருவிலிருந்து ஒருங்குறிக்கு மாற்றும் கருவிகள் பல ஆண்டுகளாகவே இலவசமாகக் கிடைக்கின்றன. மூலக் கோப்பு இல்லாதவற்றுக்குத் தமிழ் எழுத்துணரி மென்பொருள்கள் உள்ளன. பிழை திருத்த ஆள் வேண்டும், அவ்வளவே. புதிய ஆய்வேடுகளை ஒருங்குறியில் மட்டுமே ஏற்பது என்று ஒரு பல்கலைக்கழகம் முடிவெடுத்தால், அன்று முதல் அங்கே சிக்கல் வளராது. இந்தி, வங்காளம், மலையாளம் என எல்லா இந்திய மொழித் துறைகளுக்கும் இது பொருந்தும்.

பெயர் சொல்லும் சேதி

தமிழ்ப் பெயர்களில் ஒரு தனிச் சிக்கல் உள்ளது. நம்மில் பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயர் இல்லை. தந்தை பெயரின் முதலெழுத்துதான் உண்டு. ஒரே ஆய்வாளர் ஒரு பதிவில் 'எஸ். குமார்' என்றும், மற்றொன்றில் 'குமார் எஸ்' என்றும், வெளிநாட்டு இதழில் தந்தை பெயரைக் குடும்பப் பெயராக மாற்றியும் இடம்பெறுகிறார். கணினி இவர்களை மூன்று பேராகக் கொள்கிறது. மறுபுறம், முப்பது 'எஸ். குமார்'களின் ஆய்வுகள் ஒருவர் கணக்கில் சேர்ந்துவிடுவதும் உண்டு. 16 இலக்கங்கள் கொண்ட 'ஆர்கிட்' அடையாள எண் இதற்காகவே உருவானது. அதைப் பெறக் கட்டணம் இல்லை, சில நிமிடங்கள் போதும். ஆய்வுப் பதிவின் முதல் நாளிலேயே அந்த எண்ணைப் பெற்று, ஒவ்வொரு பதிவேற்றத்திலும் குறிப்பிடுவது ஆய்வாளர் தமக்குத் தாமே செய்துகொள்ளும் உதவி.

படிப்போர் எப்படிப் பயன்படுத்தலாம்?

களஞ்சியத்தை ஒப்படைக்கும் இடமாக மட்டும் பார்க்கும் ஆய்வாளர்கள், அங்கே கிடைப்பதை முழுமையாக எடுத்துக்கொள்வதில்லை. ஆய்வுத் தலைப்பைத் தேர்ந்தெடுக்கும் கட்டத்தில் பார்க்க வேண்டியது ஷோத்கங்காவின் துணைத்தளமான 'ஷோத்கங்கோத்ரி'. நடந்துகொண்டிருக்கும் ஆய்வுகளின் முன்வரைவுகள் அதில் சேர்க்கப்படுகின்றன. ஐந்து ஆண்டு உழைக்கப் போகும் தலைப்பில் வேறொரு மாநிலத்தில் ஏற்கெனவே பாதி வேலை முடிந்துவிட்டதா என்பதை அரைநாள் தேடலில் அறிந்துகொள்ளலாம்.

ஆய்விதழ்க் கட்டுரையில் இடம்பெறாத பல செய்திகள் ஆய்வேட்டில் இருக்கும். பத்துப் பக்கக் கட்டுரையில் முடிவுகள் மட்டுமே வரும். ஆய்வேட்டின் பின்னிணைப்பிலோ வினாநிரல், நேர்காணல் பதிவுகள், அளவீட்டு அட்டவணைகள், ஊர்வாரிப் பட்டியல்கள், சேகரித்த சொற்கள் ஆகியவை அப்படியே இருக்கும். இருபது ஆண்டுகளுக்கு முன் ஒரு வட்டாரத்தின் ஏரிகளைச் சுற்றிப் பார்த்து எடுத்த அளவீடு, இன்று அதே ஏரிகளை ஆராய்பவருக்கு ஒப்பீட்டு அடிப்படை. அதை மீண்டும் எடுக்க எவராலும் இயலாது. அந்த ஏரியின் ஒரு பகுதி இன்று பேருந்து நிலையமாகக்கூட இருக்கலாம். எதிர்பார்த்த விளைவு கிட்டாத சோதனைகளும் ஆய்வேடுகளில் பதிவாகியிருக்கும். இதழ்கள் அவற்றை விரும்பி வெளியிடுவதில்லை. அடுத்து வருபவருக்கு அவை பெரும் செலவைத் தவிர்த்துத் தரும்.

முந்தைய ஆய்வுகளை மதிப்பிடும் அத்தியாயமும் துணைநூற்பட்டியலும் புதியவருக்கு நல்ல நுழைவாயில்கள். ஆயினும் ஓர் எச்சரிக்கை தேவை. களஞ்சியத்தில் இருப்பதாலேயே ஓர் ஆய்வேடு தரமானதாகிவிடாது. ஒரே தலைப்பில் மூன்று ஏடுகளை ஒப்பிட்டுப் படித்தால் எது களத்துக்குச் சென்று எழுதப்பட்டது, எது மேசையில் தொகுக்கப்பட்டது என்பது விளங்கிவிடும்.

மேற்கோள் காட்டும்போது உலாவியின் முகவரிப் பட்டையில் தெரியும் இணைப்பை எடுத்து எழுதுவது பொதுவான வழக்கம். தளம் மாற்றியமைக்கப்படும்போது அந்த இணைப்பு செயலிழக்கக்கூடும். ஷோத்கங்கா ஒவ்வோர் ஆய்வேட்டுக்கும் 10603 என்று தொடங்கும் நிலையான 'ஹேண்டில்' எண்ணை வழங்குகிறது. தளத்தின் முகவரி மாறினாலும் ஏட்டை அடைய வழிசெய்வதே அந்த எண்ணின் நோக்கம். அதையே குறிப்பிட வேண்டும். அங்குள்ள ஏடுகள் படைப்பாக்கப் பொதும உரிமத்தின் கீழ் வைக்கப்பட்டுள்ளன. ஆசிரியரின் பெயரைக் குறிப்பிட்டு, வணிக நோக்கமின்றி, அதே நிபந்தனையுடன் பகிரலாம் என்பது அதன் பொருள். பெயரைக் குறிப்பிடாமல் எடுத்தாள அது அனுமதி தரவில்லை.

கட்டுரைகள் ஏன் வருவதில்லை?

ஆய்வேடுகளுக்குக் கட்டாயம் உண்டு. ஆசிரியர்களின் கட்டுரைகளுக்கு நடைமுறையில் இல்லை. பல்கலைக்கழகங்களின் சொந்தக் களஞ்சியங்கள் பொலிவிழந்து கிடப்பதற்கு முதன்மைக் காரணம் இதுவே. உயிர்தொழில்நுட்பத் துறையும் அறிவியல் தொழில்நுட்பத் துறையும் 2014 டிசம்பரில் வெளியிட்ட திறந்த அணுகல் கொள்கை, தமது நிதியில் நடந்த ஆய்வின் கட்டுரை இதழால் ஏற்கப்பட்ட இரண்டு வாரங்களுக்குள் களஞ்சியத்தில் சேர்க்கப்பட வேண்டும் என்று தெளிவாகவே கூறுகிறது. கொள்கை வந்து பத்தாண்டுகள் கடந்துவிட்டன. அதைப் பின்பற்றாதவர்களுக்கு அடுத்த நிதி மறுக்கப்படும் என்ற அச்சம் எழாத வரை, அது நல்லெண்ண வேண்டுகோளாகவே நீடிக்கும்.

ஆசிரியர்கள் தயங்குவதற்குப் பதிப்புரிமை பற்றிய குழப்பமும் காரணம். இதழில் அச்சான வடிவத்தை அப்படியே பதிவேற்றப் பல பதிப்பகங்கள் அனுமதிப்பதில்லை. சகஆய்வாளர் மதிப்பீட்டுக்குப் பின் ஆசிரியர் திருத்தி அனுப்பிய இறுதிக் கைப்பிரதியை, குறிப்பிட்ட காலம் கழித்து நிறுவனக் களஞ்சியத்தில் வைக்கப் பெரும்பாலான பெரிய பதிப்பகங்கள் இடம்தருகின்றன. ஒவ்வோர் இதழின் நிபந்தனையையும் பிரிட்டனின் ஜிஸ்க் அமைப்பு நடத்தும் இலவசத் தளத்தில் இதழின் பெயரை இட்டுப் பார்த்துவிடலாம். நீண்ட காலம் 'ஷெர்ப்பா ரோமியோ' என்று அறியப்பட்ட சேவை அது. பல துறைகளில் அந்தக் கைப்பிரதி மின்னஞ்சல் பெட்டிக்குள் தொலைந்துபோகிறது என்பதுதான் உண்மையான தடை. கட்டுரை ஏற்கப்பட்ட அன்றே அந்தக் கோப்பை நூலகருக்கு அனுப்பிவிடும் பழக்கம் வந்தால், எஞ்சியதை நூலகம் பார்த்துக்கொள்ளும்.

இதன் தேவை கூடிவருகிறது. கட்டண இதழ்களை அனுமதியின்றி இலவசமாகத் தந்துவந்த சை-ஹப் தளத்துக்கு எதிராக மூன்று பன்னாட்டுப் பதிப்பகங்கள் 2020 டிசம்பரில் டெல்லி உயர் நீதிமன்றத்தை நாடின. 2025 ஆகஸ்டில் அத்தளத்தை முடக்க நீதிமன்றம் உத்தரவிட்டது. 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்தின் முதல் கட்டம் மத்திய, மாநில அரசு நிறுவனங்களுக்கானது. தனியார் கல்லூரி ஆசிரியர், பணி ஓய்வு பெற்ற ஆய்வாளர், பட்டம் முடித்து வேலை தேடும் இளைஞர், மருத்துவம் பற்றி எழுதும் செய்தியாளர் ஆகியோர் அதற்கு வெளியே நிற்கின்றனர். இவர்களுக்குச் சட்டப்படி எஞ்சியுள்ள வழிகளில் முதன்மையானது நிறுவனக் களஞ்சியங்களே.

திறந்துவைக்க அஞ்சுவோர்

ஆய்வேட்டைத் திறந்துவைத்தால் பிறர் திருடிவிடுவர் என்ற அச்சம் நெறியாளர்களிடம் பரவலாக உள்ளது. மேலே கண்டவாறு, தேடத்தக்க வடிவில், தேதியுடன் பொதுவெளியில் உள்ள ஏட்டைத் திருடுவதே கடினம். பூட்டிவைத்த ஏட்டுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை.

காப்புரிமை பற்றிய அச்சம் வேறு வகை; அதில் நியாயம் உண்டு. புதுமை என்பது காப்புரிமைக்கு அடிப்படை. கண்டுபிடிப்பு பொதுவெளியில் வெளியாகிவிட்டால், பின்னர் விண்ணப்பிக்கையில் அந்தப் புதுமை கேள்விக்குள்ளாகும். எனவே விண்ணப்பத்தை முதலில் தாக்கல் செய்துவிட்டு, பிறகு ஆய்வேட்டைத் திறக்க வேண்டும். ஆய்வேட்டை நூலாக வெளியிட எண்ணுவோரும் குறிப்பிட்ட காலத்துக்கு முழு உரையை நிறுத்திவைக்கலாம். அப்போதும் தலைப்பும் சுருக்கவுரையும் அனைவருக்கும் தெரியும்படி இருக்க வேண்டும். நேர்காணல் தந்தவர்களின் பெயர், நோயாளிகளின் விவரம் போன்றவற்றை நீக்காமல் பின்னிணைப்பைப் பதிவேற்றுவது மட்டும் எந்நிலையிலும் ஏற்கத்தக்கதன்று. அச்சுப் பிரதியாக நூலகத்தில் இருந்தவரை சிலர் கண்ணில் பட்ட அந்த விவரம், இணையத்தில் எவர் கைக்கும் செல்லும்.

யார் பராமரிப்பது?

களஞ்சியம் ஒருமுறை நிறுவி விட்டுவிடும் மென்பொருள் அல்ல. டிஸ்பேஸ் இலவசம்தான்; அதை இயக்கும் சர்வரும், காப்புப்பிரதியும், மேம்படுத்தத் தெரிந்த ஆளும் இலவசம் அல்ல. நூலகர் பணியிடங்கள் நிரப்பப்படாத பல்கலைக்கழகத்தில், களஞ்சியத்தை அமைத்தவர் மாறுதலாகிச் சென்றதும் கடவுச்சொல்லும் அவருடனேயே சென்றுவிடுகிறது. செயற்கை நுண்ணறிவு நிறுவனங்களின் தானியங்கி நிரல்கள் உலகெங்கும் களஞ்சியங்களை மொய்த்து, சர்வர்களைத் திணறடிப்பது அண்மைக்காலச் சுமை. அவற்றைத் தடுக்கப் போய், மனித வாசகர்களையும் நல்ல தேடுபொறிகளையும் சேர்த்துத் தடுத்துவிடும் நிறுவனங்களும் உண்டு.

இந்தச் செலவுக்கு நியாயம் கற்பிக்கக் கணக்கிடும் முறை மாற வேண்டும். எத்தனை ஏடுகள் சேர்ந்தன என்பதற்குப் பதிலாக, தேடத்தக்க உரையுடன் உள்ளவை எத்தனை, சுருக்கவுரை உள்ளவை எத்தனை, கடந்த ஆண்டில் திறந்து படிக்கப்பட்டவை எத்தனை என்று தர மதிப்பீட்டுக் குழுக்கள் கேட்கத் தொடங்கினால், துணைவேந்தர் அலுவலகங்கள் தாமாகவே நூலகத்தின் பக்கம் திரும்பும். இந்த எண்களில் பலவற்றைக் களஞ்சிய மென்பொருளே தரக்கூடியது, கேட்பவர்தான் இல்லை.

'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்திற்கான நிதி ஒதுக்கீடு 2027-ஆம் ஆண்டுடன் முடிகிறது. அதன்பின் பதிப்பகங்களுடன் மீண்டும் விலை பேச வேண்டும். இந்திய ஆசிரியர்களின் கட்டுரைகள் அவர்களது பல்கலைக்கழகக் களஞ்சியங்களிலேயே ஒழுங்காகக் கிடைக்கும் நிலை அதற்குள் வந்திருந்தால், பேச்சுவார்த்தை மேசையில் அரசின் கை சற்று ஓங்கியிருக்கும். அதற்கு இந்தக் கல்வியாண்டில் ஒப்படைக்கப்படும் ஏடுகளிலிருந்தும் ஏற்கப்படும் கட்டுரைகளிலிருந்தும் தொடங்கியாக வேண்டும்.